வயலினையும் வாசிக்கிறாள், பாடத்தையும் வாசிக்கிறாள்

பெயர், ஊர் எதையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. எட்டு வயதிலிருந்து வயலின் கற்கிறாள். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் சாதகம், வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. முப்பது உருப்படிகளுக்கு மேல் ஸ்வரக் குறிப்பைப் பார்க்காமலேயே வாசிப்பாள். "ஆனால் முந்தின இரவு மூன்று தடவை படித்த அறிவியல் பாடத்தை மறுநாள் கேட்டால் நினைவில் இல்லை என்கிறாள்." கணக்கிலும் மொழிப்பாடங்களிலும் மதிப்பெண் பழையபடியே இருக்கிறது. அறிவியலும் சமூக அறிவியலும் மட்டும் இந்த ஆண்டு இரண்டு தேர்வுகளிலும் சரிந்துவிட்டன. வயலினை ஓர் ஆண்டு நிறுத்திவைப்போம் என்கிறார் கணவர். தாய்க்கு மனமில்லை. "இசை கற்றால் ஞாபகசக்தி கூடும், மூளை வளரும் என்று படித்துத்தான் சேர்த்தேன். இப்போது நிறுத்தினால் நான்கு ஆண்டு உழைப்பும் வீண்தானே? அந்த ஞாபகசக்தி ஏன் பாடத்தில் வேலை செய்யவில்லை?" மகள் படிக்கும்போது பக்கத்தில் மோட்சார்ட் இசையை மெல்ல ஒலிக்க விடுகிறாராம். ஆறு வயது மகனையும் கீபோர்டு வகுப்பில் சேர்க்க எண்ணம். அவனுக்கோ படம் வரைவதில்தான் நாட்டம், கீபோர்டு பக்கமே போவதில்லை. கடிதம் முடியும் இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "இரவு பதினொன்று வரை படிக்கிறாள், சாதகத்துக்காக ஐந்தரைக்கே எழுந்துவிடுகிறாள், பாவம்."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் வாதியும் பிரதிவாதியும் வயலினைச் சுற்றியே வழக்காடிக்கொண்டிருப்பதால், நீங்கள் 'பாவம்' போட்டு முடித்த அந்தக் கடைசி வரியை இருவருமே தாண்டிப் போய்விட்டீர்கள். குழந்தைகளின் கற்றல் சிக்கல்களைப் பார்ப்பதே தொழிலாகிவிட்ட எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பதினொன்றுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் ஆறரை மணி நேரத் தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016-இல் பரிந்துரைத்தது. பதின்மூன்றைத் தொட்ட பிறகும் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். உங்கள் மகள் தினமும் இரண்டரை மணி நேரம் கடனில் இருக்கிறாள். பள்ளி நாட்கள் ஐந்தையும் கூட்டிப் பாருங்கள், ஒரு முழு இரவுக்கு மேலேயே போய்விடும்.

தூக்கம் என்பது ஓய்வு மட்டுமாக இருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். பகலில் கற்றதை மூளை பதிய வைக்கிற வேலை பெரும்பகுதி இரவில்தான் நடக்கிறது. 2002-இல் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வு உங்கள் வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். வலதுகைப் பழக்கமுள்ளவர்களை, ஐந்து எண்கள் கொண்ட ஒரு வரிசையை இடதுகை விரல்களால் வேகமாகத் தட்டச் சொன்னார்கள். பயின்றபின் விழித்தே இருந்த பன்னிரண்டு மணி நேரத்தில் பெரிய முன்னேற்றம் இல்லை. ஓர் இரவு தூங்கி எழுந்ததும், இடையில் பயிற்சி எதுவுமின்றியே, வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அந்த 20-ஐக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். இருந்தாலும் வயலின் தந்தியில் ஓடுவதும் இடதுகை விரல்கள்தானே! தூக்கத்தை வெட்டிச் சாதகம் செய்வது, விதைத்த கையோடு தண்ணீரை நிறுத்துவதுபோல. பாடத்துக்கும் அதே கதைதான். இரவு பதினொன்று மணிக்கு மூன்றாம் தடவையாகக் கண்கள் வரிகளின்மேல் ஊர்வதற்குப் படிப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாதகத்தை மாலைக்கு மாற்றுங்கள். பள்ளி விட்டு வந்து, சற்று இளைப்பாறியதும் வயலின், பிறகு படிப்பு, ஒன்பதரைக்குப் படுக்கை, ஆறரைக்கு எழுச்சி. இதைச் செய்யாமல் வேறு எந்த முடிவையும் எடுக்காதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை.

இசை கற்றால் ஞாபகம் கூடுமா?

நீங்கள் படித்தது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஹாங்காங் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 6 முதல் 15 வயது வரையுள்ள 90 சிறுவர்கள் இருந்தார்கள். பாதிப் பேர் பள்ளியின் தந்தி வாத்தியக் குழுவில் வாசிப்பவர்கள், மீதிப் பேர் இசை கற்காதவர்கள். சொற்பட்டியலைக் கேட்டு நினைவில் வைத்துத் திரும்பச் சொல்வதில் வாத்தியக் குழுப் பிள்ளைகள் முந்தினார்கள். உருவங்களை நினைவில் வைப்பதில் வேறுபாடு தெரியவில்லை. காதால் கேட்டதை வரிசை பிசகாமல் பிடித்துக்கொள்வதே இசைப் பயிற்சியின் அன்றாட வேலை என்பதால், சொல் நினைவில் அதன் சாயல் விழுவது நம்பக்கூடியதுதான். இசை கற்றவர்களின் செவி, பேச்சொலிகளின் நுண்ணிய வேறுபாடுகளைக் கூர்மையாகப் பிரித்தறிகிறது என்பதற்கும் நல்ல சான்றுகள் உண்டு.

ஆனால் அந்த வாத்தியக் குழுவில் சேர்ந்தவர்கள் யார்? வீட்டில் வசதியும் அக்கறையும் உள்ள பிள்ளைகள், ஒரு வேலையை எடுத்தால் உட்கார்ந்து முடிக்கும் இயல்புள்ளவர்கள், ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள் இசை வகுப்பில் சேர்வதும் அதிகம், விடாமல் தொடர்வதும் அதிகம். இசை கற்பவர்கள் மதிப்பெண்ணில் முன்னால் இருப்பதைக் கண்டு இசைதான் காரணம் என்பது, கூடைப்பந்து ஆடுபவர்கள் உயரமாக இருப்பதைப் பார்த்துக் கூடைப்பந்துதான் வளர்த்தது என்பதற்கு ஒப்பாகிவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழி, குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்துச் சோதிப்பது. க்ளென் ஷெல்லன்பெர்க் என்ற உளவியலாளர் கனடாவில் அதைச் செய்து 2004-இல் வெளியிட்டார். ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேர். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம், நான்காவது குழுவுக்கு அந்த ஆண்டு எதுவும் இல்லை. ஓராண்டு முடிவில் எல்லாக் குழுக்களிலும் நுண்ணறிவு எண் ஏறியிருந்தது. பள்ளிக்குப் போகத் தொடங்கினாலே அது ஏறும். இசை கற்ற இரு குழுக்களில் சராசரியாக 7 புள்ளி, மற்ற இரண்டில் 4.3 புள்ளி. வித்தியாசம் மூன்று புள்ளிகூட இல்லை. இன்னொன்று, விளம்பரங்களில் யாரும் சொல்லாதது: மற்ற குழந்தைகளோடு பழகும் தன்மையில் தெளிவாக முன்னேறியது நாடகம் பயின்ற குழு.

அதற்குப் பிறகு இத்தகைய ஆய்வுகள் பல வந்தன. அவற்றில் 54 ஆய்வுகளையும், ஏறக்குறைய 7,000 குழந்தைகளின் தரவையும் ஒன்றுசேர்த்து 2020-இல் அலசியவர்கள், ஆய்வு எவ்வளவு கட்டுக்கோப்பாக நடந்ததோ அவ்வளவுக்கு இசையின் பலன் பூஜ்யத்தை நெருங்குகிறது என்றார்கள். அதே தரவை மறுபடி அலசிய வேறு சிலர், சிறு பலன் இருக்கத்தான் செய்கிறது என்று மறுத்தார்கள். நான் இரு தரப்பையும் படித்துப் பார்த்துவிட்டேன். பலன் 'மிகச் சிறிதா, இல்லவே இல்லையா' என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. ஏழாம் வகுப்பு அறிவியல் மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்தும் அளவுக்குப் பெரிது என்று வாதாட அங்கே ஆளில்லை.

"அந்த ஞாபகசக்தி ஏன் பாடத்தில் வேலை செய்யவில்லை?" என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஞாபகசக்தி என்று ஒற்றைச் சொல்லில் சொல்வதால், அது ஒரு தசைபோல என்றும், எங்கே பயின்றாலும் எங்கும் பலம் தரும் என்றும் நினைத்துவிடுகிறோம். 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவரை வைத்து நடந்த ஆய்வைக் கேளுங்கள். விநாடிக்கு ஒன்றாகச் சொல்லப்படும் எண்களை வரிசையாகத் திரும்பச் சொல்ல வேண்டும். எல்லோரையும்போல ஏழு எண்களில் தொடங்கிய அவர், ஒன்றரை ஆண்டுக்கு மேலாக, 230 மணி நேரம் போலப் பயின்று 79 எண்கள் வரை போனார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். 3, 4, 9, 2 என்று காதில் விழுந்தால் 'மூன்று நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டம்' என்று மனத்தில் கட்டிவைப்பார். எழுபத்தொன்பதைத் தொட்ட மனிதரிடம் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு எழுத்துகளோடு நின்றுவிட்டார்! வளர்ந்தது ஞாபகசக்தி இல்லை. எண்களைக் கட்டிவைக்கும் உத்தி. உங்கள் மகளிடம் இருப்பதும் ஸ்வரங்களைக் கட்டிவைக்கும் உத்தி. அது தானாக நடந்து அறிவியல் புத்தகத்துக்குள் போகாது. கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, வருகிறேன்.

மோட்சார்ட்டை என்ன செய்வது?

படிக்கும் நேரத்தில் நிறுத்திவிடுங்கள். இந்த நம்பிக்கையின் மூலம் 1993-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஒரே பக்கக் கட்டுரை. கல்லூரி மாணவர்கள் 36 பேர், மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ இசை பத்து நிமிடம். காகிதத்தை மடித்து வெட்டினால் விரித்தபின் எப்படித் தெரியும் என்று கற்பனை செய்யும் வகைக் கணக்கில் சற்றுக் கூடுதல் தேர்ச்சி. அந்தப் பலன் கால் மணி நேரத்துக்குள் கரைந்துபோனது. அதில் குழந்தை ஒன்றுகூட இல்லை, பாட நினைவு பற்றிய சோதனையும் இல்லை. அதை வைத்து 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு தர 1,05,000 டாலர் கேட்டார். பின்னர், மனத்தை உற்சாகப்படுத்தும் எதுவும் அதே பலனைத் தரும் என்று தெரியவந்தது. கதை கேட்பதை விரும்பியவர்களுக்குக் கதையே அந்த வேலையைச் செய்தது. எனவே படிக்க உட்காருமுன் மகளுக்குப் பிடித்ததைப் பத்து நிமிடம் கேட்கட்டும், அது மோட்சார்ட்டாகவே இருக்க வேண்டியதில்லை. படிக்கும்போது அமைதி வேண்டும். அதிலும் இசை பயின்ற காது சும்மா இருக்காது. பின்னணியில் ஓடுகிற இசையின் சுருதியையும் தாளத்தையும் அது பாட்டுக்குத் தொடர்ந்துகொண்டிருக்கும்.

ஒரே சொல், இரண்டு வேலை

தமிழில் ஒரு வேடிக்கை. வயலினையும் வாசிக்கிறோம், புத்தகத்தையும் வாசிக்கிறோம். உங்கள் மகள் இரண்டையும் வாசிக்கிறாள். ஆனால் இரண்டும் ஒரே வேலை என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கிறார்களா?

அவள் புது உருப்படி ஒன்றைக் கற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முழுவதையும் மூன்று தடவை பார்த்துவிட்டு மூடிவைக்கமாட்டாள். இரண்டு வரி எடுப்பாள். குறிப்பைப் பார்த்து வாசிப்பாள், பிறகு பார்க்காமல் வாசிப்பாள். விரல் தடுக்கும். தடுக்கிய இடத்தை மட்டும் வேகத்தைக் குறைத்து நான்கைந்து தடவை வாசிப்பாள். மறுநாள் நேற்றைய இரண்டு வரியை முதலில் பார்க்காமல் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாம் வரிக்குப் போவாள். வகுப்பில் ஆசிரியர் முன்னால் வாசிப்பது இன்னொரு சோதனை. வாரக் கணக்கில் இதே சுற்று. அதன் பலன்தான் அந்த முப்பது உருப்படி.

அறிவியலை எப்படிப் படிக்கிறாள்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மூன்று தடவை வாசிக்கிறாள். புத்தகம் திறந்தே இருக்கிறது. தடுக்கவே தடுக்காது, ஏனென்றால் வரி கண்முன்னால் இருக்கிறதே. வயலினை உறையிலிருந்து எடுக்காமல் ஸ்வரக் குறிப்பை மூன்று தடவை பார்த்துவிட்டுக் கச்சேரிக்குப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கணக்கு ஏன் சரியவில்லை என்பதும் இங்கே விளங்கும். கணக்கைப் பார்த்துப் படிக்க முடியாது, போட்டுப் பார்த்தே தீர வேண்டும். கீழ் வகுப்புகளில் அறிவியல் பாடம் சிறியது, மூன்று தடவை வாசித்தாலே ஒப்பேற்றிவிடலாம். ஏழாம் வகுப்பில் பாடம் நீண்டுவிட்டது, உத்தி மட்டும் பழையது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். சூரியன், கடல் நீர்நாய் பற்றியெல்லாம் சிறு கட்டுரைகள், ஏறத்தாழ உங்கள் மகளின் பாடம்போலத்தான். ஒரு குழு கட்டுரையை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்து, மூடிவைத்து, நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் நான்கு முறை படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் அவர்களுக்கு 40 சதவீதமே நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இன்னொரு கொடுமை, 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிகம் நம்பியவர்கள் நான்கு முறை படித்தவர்கள்தான். ஆக உங்கள் மகள் இரவில் "படித்துவிட்டேன் அம்மா" என்று சொன்னால் அது பொய்யில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவளுக்கு உண்மையாகவே எல்லாம் தெரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வயலினிலும் ஒரு மோசமான மனப்பாடம் உண்டு. அவளை ஒரு உருப்படியின் நடுவரியிலிருந்து தொடங்கி வாசிக்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் திகைத்து நின்று, மனத்துக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துத்தான் அந்த இடத்தைப் பிடிப்பார்கள். விரல் நினைவு சங்கிலிபோல, ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் போயிற்று. ரோஜர் சாஃபின் என்ற உளவியலாளர், கேப்ரியலா இம்ரே என்ற பியானோ கலைஞர், பாஹ் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் படைப்பு ஒன்றை மனப்பாடம் செய்த 30 மணி நேரத்துக்கும் மேலான பயிற்சியைப் படம்பிடித்து ஆராய்ந்தார். கலைஞர் படைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிகளின் தொடக்கங்களை மைல்கல் நட்டதுபோல மனத்தில் ஊன்றி, அங்கிருந்து தொடங்கித் தொடங்கிப் பயின்றார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது, அந்தப் பகுதித் தொடக்கங்கள்தான் அவர் நினைவில் பளிச்சென்று நின்றன. அடுத்தடுத்த இடங்களில் நினைவு மங்கிக்கொண்டே போயிற்று.

இனி பாடத்துக்கு வருவோம். செரிமான மண்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று மைல்கல் ஏற்கெனவே போட்டே இருக்கிறது. ஒவ்வொன்றாக ஒரு முறை கவனமாகப் படித்து, புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதட்டும். திறந்து பார்த்து, விட்டுப்போனதை மட்டும் வேறு நிற மையில் சேர்க்கட்டும். அடுத்த சுற்றில் அந்த நிற மை வரிகள் மட்டும் போதும், தடுக்கிய இடத்தை மட்டும் வாசிப்பதுபோல. மறுநாள் புத்தகத்தைத் திறக்குமுன் "சிறுகுடலிலிருந்து தொடங்கு" என்று சொல்லுங்கள். வாயிலிருந்துதான் வருவேன் என்றால் சங்கிலி மட்டும்தான் இருக்கிறது, மைல்கல் இன்னும் நடவில்லை என்று அர்த்தம். மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இடைவெளி விட்டுத் திரும்பவும் கேளுங்கள். நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். பதினொன்று மணி வரை உட்கார வேண்டியதில்லை.

முதல் வாரம் அவளுக்கு எரிச்சலாக இருக்கும். எழுத வராது, 'எனக்கு எதுவுமே தெரியவில்லை' என்று அழக்கூடும். வில்லைப் பிடித்த முதல் மாதத்தில் வயலின் எப்படிக் கீச்சிட்டது என்பதை அவளுக்கு நினைவூட்டுங்கள்.

பாடத்தை மெட்டுப் போட்டுப் பாடலாமா என்றும் நீங்கள் கேட்கக்கூடும். வரிசையாகச் சொல்ல வேண்டிய பட்டியலுக்கு நல்லது. பழைய அகராதிகளான நிகண்டுகளைச் செய்யுளில் செய்துவைத்ததும் ஓதி நினைவில் இருத்தத்தான். தனிம வரிசை, மன்னர் வரிசை போன்றவற்றுக்கு அவளே மெட்டுக் கட்டட்டும். ஆனால் 'ஏன்' என்று கேட்கிற கேள்விக்கு மெட்டு உதவாது, அதற்குப் புரிதல்தான் வேண்டும்.

நிறுத்துவதா, தொடர்வதா?

உங்கள் கணவரின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரம்தான், அதில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று அவர் உணர்ந்தது சரி. இடிப்பது எது என்பதில்தான் தவறுகிறார். சாதகமும் வகுப்பும் சேர்ந்து வாரத்துக்கு ஏழு மணி நேரம்போல வரும். அதை நிறுத்தினால் அந்த ஏழு மணி நேரமும் அப்படியே அறிவியலுக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால்கூட, இன்னும் இரண்டு தடவை வாசிப்பாள், அவ்வளவுதான். பயன் தராத உத்திக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுப்பதாகிவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மதிப்பெண் குறைந்ததால் வயலின் பறிபோனது என்றால், தான் திறமையாகச் செய்யும் ஒன்றைத் தண்டனையாக இழந்ததாகவே பன்னிரண்டு வயதுப் பெண் எடுத்துக்கொள்வாள். 'உழைத்தால் வரும்' என்று அவள் கண்கூடாகப் பார்த்த ஒரே இடம் வயலினாக இருக்கலாம். 'இத்தனை எடுத்தால்தான் வகுப்பு' என்ற பேரமும் வேண்டாம்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், சகோதரி. 'நான்கு ஆண்டு வீணாகிவிடும்' என்பதற்காகத் தொடராதீர்கள். நான் சொன்ன ஹாங்காங் பிள்ளைகளை ஓராண்டு கழித்து மறுபடி சோதித்தபோது, இடையில் இசையை நிறுத்தியவர்களின் சொல் நினைவு மேலும் வளரவில்லை, ஆனால் இருந்ததை இழக்கவும் இல்லை. நான்கு ஆண்டு எங்கும் ஓடிப்போகாது. ஞாபகசக்திக்காகத் தொடரவும் வேண்டாம். வயலினைத் தொடர ஒரே நல்ல காரணம், அவளுக்கு அது பிடித்திருப்பது. பிடித்திருக்கிறதா? நான்கு பக்கக் கடிதத்தில் அவள் வாயிலிருந்து வந்ததாக நீங்கள் எழுதியது 'நினைவில் இல்லை' மட்டும்தான். வகுப்பை நிறுத்தும் பேச்சில் அவளையும் உட்காரவைத்துக் கேட்டீர்களா என்று தெரியவில்லை. கேட்கவில்லை என்றால் கேளுங்கள். அவளே "கொஞ்ச நாள் வேண்டாம்" என்றால் அதையும் மதியுங்கள்.

தேர்வு நெருங்கும் வாரங்களில் சாதகத்தை இருபது நிமிடமாகக் குறைக்கலாம், புது உருப்படி எடுக்காமல் பழையதை ஓட்டலாம். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் புரிந்துகொள்வார்.

சின்னவன்

மூளை வளர்ச்சிக்காக என்றால் சேர்க்காதீர்கள். மூன்று புள்ளிகூட வராத ஒரு வித்தியாசத்துக்காக, வேண்டாம் என்கிற ஆறு வயதுப் பையனைக் கீபோர்டு முன்னால் உட்காரவைப்பது அவனுக்கும் நல்லதில்லை, கீபோர்டுக்கும் நல்லதில்லை. வரையட்டும். இரண்டு ஆண்டு கழித்து அக்காவைப் பார்த்து அவனே கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். பிந்திவிடுமோ என்று பயப்படாதீர்கள், எட்டிலும் பத்திலும் தொடங்கி நன்றாக வாசிப்பவர்கள் ஏராளம்.

எப்போது நேரில் காட்ட வேண்டும்?

தூக்கத்தையும் படிக்கும் முறையையும் மாற்றி ஆறு, எட்டு வாரம் ஆகியும் மாற்றமே இல்லை என்றால் பள்ளியின் ஆலோசகரையோ குழந்தைகள் மருத்துவரையோ பாருங்கள். கண் பரிசோதனையை மட்டும் இப்போதே செய்துவிடலாம். இந்த வயதில் கிட்டப்பார்வை தொடங்குவது சகஜம், கரும்பலகை தெரியாத பிள்ளை 'மறந்துவிட்டது' என்று சொல்லித் தப்பிக்கும். எல்லாப் பாடங்களிலும் ஒரேயடியாகச் சரிவு, வயலின் உட்படப் பிடித்தவற்றில்கூட நாட்டம் போவது, தோழிகளைத் தவிர்ப்பது, பசியோ தூக்கமோ மாறுவது, வாசிக்கும்போது வரிகள் தாவுவது, இவற்றில் எது தென்பட்டாலும் எட்டு வாரம் காத்திருக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இவற்றுக்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இன்றிரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். அறிவியல் பாடம் பாக்கி இருந்தாலும் பரவாயில்லை. நாளை மாலை வயலினை உறைக்குள் வைத்ததும், புத்தகத்தை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள்.